வேகாத ஐம்பது கிலோ

சுண்ணாம்புச் சூளைக்குத் தீ போடுகிற இருளாயியைத் திருடி என்று முதலாளியிடம் பிடித்துக்கொடுத்தார் மேலாளர் சபாபதி. "நூறு கிலோ சுத்தமான கல்லு போட்டு அம்பத்தாறு கிலோ சுண்ணாம்புதான் காட்டுறா. மிச்சம் எங்கேன்னு கேளுங்க."

"நாப்பத்து நாலு கிலோ வாயுவாப் புகைபோக்கி வழியாப் போயிடுச்சு சார்," என்றாள் இருளாயி. "முழுசா வெந்தா கல்லு அப்படித்தான் பிரியும்."

"நான் பாக்குற சூளையில அதே நூறு கிலோவுக்கு எழுபத்தெட்டு வருதே," என்றார் சபாபதி.

"அப்ப இருவத்திரெண்டுதான் வாயுவாப் போயிருக்கு. பாதிக் கல்லுதான் வெந்திருக்கு. அந்த எழுபத்தெட்டுல தண்ணி ஊத்துங்க, அம்பது கிலோ கல்லாவே கிடக்கும்."

சபாபதியின் சூளையில் எடுத்ததன் மேல் ஊற்றினார்கள். வெந்தது கொதித்துக் குழைந்தது. குழையாததை அலசித் தராசில் வைத்தார்கள். முள் ஐம்பதில் நின்றது.

முதலாளி அந்த வேகாத கல்லை ஒரு கூடையில் அள்ளிச் சபாபதியிடம் நீட்டினார்.

"இதை இருளாயி சூளைக்குச் சுமந்துட்டுப் போங்க. வேக வச்சுத் தருவா."