நரி பிடித்திருந்த தாமரை இலை

கோடை வந்தது. நாணல் குளம் வற்றிச் சுருங்கியது. அல்லி என்ற நீர்க்கோழி கழுத்தை நீட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கூடு நாணலுக்குள் இருந்தது. சுற்றிலும் தண்ணீர் நின்றவரை பயமில்லை. இப்போது சேறு காய்ந்துவிட்டது. நரி கால் நனையாமல் நடந்தே வரலாம். கூட்டிலோ மூன்று குஞ்சுகள். நாலடி ஓடினால் குப்புற விழுகிற வயது!

குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கியதும் நல்ல குத்துச்சண்டைக்காரன் ஒருவனைக் கரைக்குக் காவல் வைப்பார்கள். போட்டியில் ஒருவரை ஒருவர் அடிக்கக் கூடாது. காவல்காரனுக்கே கை உடைந்தால் யார் காவல் காப்பது? அதனால் காற்றில்தான் குத்திக் காட்ட வேண்டும். நடுவர் யாருக்கும் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்பதும் விதி.

குளத்தில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான். யாருக்கும் சொந்தமில்லாதவர் ஒரே ஒருவர்தான். நரி!

"இன்றைக்கு நான் நடுவர். யாரையும் தொட மாட்டேன், சத்தியம்!" என்றது நரி. முகத்துக்கு முன்னால் ஒரு தாமரை இலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "வெயில் தாங்கல," என்றது.

முதலில் மினுக்கன் என்ற குரங்கு வந்தது. வெள்ளி நிற உடம்பு. வால் வில்லாக வளைந்தது. இடம் தாவியது, வலம் தாவியது, கரணம் அடித்து வந்து காற்றை விளாசியது.

"அடேயப்பா, என்ன ஸ்டைல்!" என்று கொக்கு சொக்கிப் போனது.

"இப்படி ஒரு வீரனை நான் பார்த்ததே இல்லை!" என்றது நரி, இலைக்குப் பின்னாலிருந்து.

அடுத்து தொப்பையன் என்ற முயல் வந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மாவு பிசைகிற மாதிரி இரண்டு கையையும் ஆட்டியது.

"என்னடா இது, கொசு விரட்டுறியா?" என்று தவளைகள் கத்தின. குளமே சிரித்தது.

அல்லி மட்டும் சிரிக்கவில்லை. குஞ்சுகளைப் பெற்றவள் போட்டியைப் பார்ப்பாளா? அவள் கண் நரியை விட்டு அகலவே இல்லை. மினுக்கன் குத்தியபோது நரி ஆடாமல் அசையாமல் ரசித்தது. தொப்பையன் இடது கையை ஓங்கும்போதெல்லாம், அத்தனை தூரத்தில் இருந்தும், நரியின் தலை சட்டென்று குனிந்தது!

"மினுக்கன்தான் காவல்காரன்!" என்று நரி தீர்ப்புச் சொன்னது.

"நடுவரய்யா!" அல்லி முன்னால் வந்தாள். "ஒரு சந்தேகம்."

"ஏம்மா, தீர்ப்புக்கு அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கொக்கு அதட்டியது.

"என் பிள்ளைங்க உயிர், அண்ணே. கேட்டுக்கிறேன். மினுக்கா, இதுவரைக்கும் நீ யாரை ஜெயிச்சிருக்கே?"

மினுக்கன் மார்பை நிமிர்த்தியது. "தண்ணீரில் தெரிந்த என் நிழலோடு ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டேன்!"

"யார் ஜெயிச்சது?"

"சமம்."

"தொப்பையா, நீ?"

முயல் தலையைச் சொறிந்தது. "போன கோடையில என் வளைக்குள்ள ஏதோ ஒண்ணு மூக்கை நீட்டுச்சு. குட்டிங்க அலறிச்சு. இடது கையால ஒரு குத்து விட்டேன். கண்ணை மூடியிருந்தேனா, யாருன்னு பார்க்கல. மறுபடி கண்ணைத் திறந்தா தரையில ரெண்டு பல்லு கிடந்துச்சு."

அல்லி மறுபடி நரியின் பக்கம் திரும்பினாள்.

"நடுவரய்யா," என்றாள் அல்லி, "அந்த இலையைக் கொஞ்சம் எடுங்களேன்."

"வெயில் அடிக்குது!"

"சூரியன் உங்க முதுகுப் பக்கம்ல இருக்கு?"

மாட்டிக்கொண்டதும் நரி சத்தியத்தையும் இலையையும் சேர்த்தே வீசிவிட்டு, கூட்டைப் பார்த்துப் பாய்ந்தது. திறந்த வாயில், மேல் வரிசையில் இரண்டு பற்களைக் காணோம்!

"மினுக்கா, பிடி!" என்று எல்லோரும் அலறினார்கள்.

மினுக்கன் ஒரே தாவில் நாவல் மரத்து உச்சிக்குப் போய்விட்டது. அந்தத் தாவல் அவ்வளவு அழகாக இருந்ததால், கொக்கு தன்னை மறந்து இறக்கையைத் தட்டியது.

தொப்பையன் கூட்டுக்கு முன்னால் போய் நின்றது. கண்ணை மூடியது. இடது கையை வீசியது.

'டக்!'

மூன்றாவது பல் சேற்றில் விழுந்தது. நரி அப்புறம் குளத்துப் பக்கமே வரவில்லை.

"பட்டுச்சா?" என்று கேட்டது தொப்பையன், கண்ணைத் திறக்காமலே.

"பட்டுச்சுண்ணே!" என்றாள் அல்லி. குஞ்சுகள் மூன்றையும் இறக்கைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

ஒருவன் வீரனா என்று அறிய அவன் நிற்கும் அழகைப் பார்க்காதீர்கள். அவனிடம் அடி வாங்கியவன் வாயைப் பாருங்கள்.