கொம்பையா வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

ஓணாங்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இதை எழுத எனக்கு வேலை இருந்திருக்காது.

நடுவில் பிறந்த கொம்பையாவுக்கு ஒரு மாதமாக வயிறு சரியில்லை. காலையில் உப்புசம், மத்தியானம் பொருமல். அதோடு மனசும் கெட்டது. ஆட்டுக்குட்டி கத்தினால் அழுதான்; கத்துவதை நிறுத்தினால் கோபப்பட்டான். வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் அவனைப் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் அவன் முகத்தைப் பார்த்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மூத்தவன் சுடலைமுத்து அவனை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

“வயிறு கெட்டா மனசும் கெடும்,” என்றார் டாக்டரம்மா. “குடல்ல நல்ல கிருமிங்க லட்சக்கணக்குல குடியிருக்கு. அதுங்க நிம்மதியா இருந்தா நீங்களும் நிம்மதியா இருப்பீங்க. பழைய சோறு, மோர் சாப்பிடுங்க. அவசரமே படாதீங்க.”

வீட்டுக்கு வந்து மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“லட்சம் பேருன்னா நம்ம ஊரைவிடப் பெரிய ஊருலே,” என்றான் சுடலைமுத்து.

“அப்போ இவன் ஒரு செம்பு மோர் குடிச்சா அங்க வெள்ளம் வருமேண்ணே?” என்றான் இளையவன் வேலாண்டி.

கொம்பையா விம்மினான். “போன வாரம் மூணு டம்ளர் ரசம் குடிச்சேனே. அதுவும் சுடச்சுட.”

“படுபாவி!” என்றான் வேலாண்டி.

“குளம் உடையுற மாதிரி இருந்தா ஊருக்குத் தண்டோரா போடுதாங்கல்லா? அதே மாதிரி போட்டுருவோம்,” என்று சுடலைமுத்து முடிவு சொன்னான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் வேலாண்டி பித்தளைத் தட்டைத் தட்டுவான். சுடலைமுத்து தம்பியின் தொப்புளருகே குனிந்து, “மோர் வருது! மேட்டுக்குப் போங்க!” என்று கத்துவான். லட்சம் பேரும் ஏறி முடிக்கும்வரை மூவரும் காத்திருப்பார்கள். ஒரு கிண்ணம் பழைய சோறு இறங்க உச்சிவேளை ஆகிவிடும். படுத்தால் ஊரே சரிந்துவிடும் என்று கொம்பையாவைத் தூணோடு துண்டால் கட்டி, உட்கார்ந்தபடியே தூங்கவைத்தார்கள்.

வியாழக்கிழமை வயிறு லேசானது. கொம்பையா சிரித்தான். ஆட்டுக்குட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டான்.

மறுநாள் பெண்ணின் அப்பா அய்யாக்குட்டி வந்தார். மாப்பிள்ளையின் சிரித்த முகம் அவருக்குப் பிடித்துப்போனது. எல்லாருக்கும் பாயசம் வந்தது. கொம்பையா டம்ளரை வாயருகே கொண்டுபோனான். பித்தளைத் தட்டு முழங்கியது.

“பாயசம் வருது! பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!”

அய்யாக்குட்டி மடியெல்லாம் பாயசம். “என்ன அண்ணாச்சி இது?” என்றார்.

சுடலைமுத்து ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அவர் நெடுநேரம் தாடையைத் தடவினார்.

“வெளிய மூணு பேருன்னுதானே தரகர் சொன்னாரு. இவ்வளவு பெரிய கூட்டுக்குடும்பத்துல எம்மவ எப்படிச் சமாளிப்பா?”

“சோத்துல உப்பு இல்லேன்னு இதுவரை ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை,” என்றான் சுடலைமுத்து.

“அவ்வளவு தங்கமானவங்களா? இருந்தாலும் அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுரணும். நாளைக்கு மனக்கசப்பு வரக்கூடாது பாருங்க.”

எல்லாரும் கொம்பையாவின் வயிற்றைப் பார்த்தார்கள். பாயசம் குடித்து முடித்த கொம்பையா, தெருமுனை வரை கேட்கும்படி ஒரு ஏப்பம் விட்டான்.

அய்யாக்குட்டி எழுந்து கைகூப்பினார். “ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. எதிர்ப்பே இல்லை!”

சம்மதத்துக்கு அடையாளமாக அய்யாக்குட்டி எடுத்த தாம்பூலத் தட்டைச் சுடலைமுத்து கை நீட்டி வாங்கப் போனான். அவர் அவனை மெல்ல ஒதுக்கிவிட்டு, குடும்பத்தில் பெரும்பான்மையோர் எங்கே இருந்தார்களோ அங்கேயே, மாப்பிள்ளையின் வயிற்றின் மேல், தட்டை மரியாதையாக வைத்தார்.