எல்லோருக்கும் இருபது

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி இருந்ததாம். அங்கே படுத்தவர்கள் எல்லோரும் நிமிஷத்துக்குச் சரியாக இருபது தடவை மூச்சு விட்டார்களாம். காய்ச்சல்காரரும் இருபது, இழுப்புக்காரரும் இருபது. காகிதம் அப்படித்தான் சொல்லிற்று.

அந்த ஆஸ்பத்திரிக்குச் செண்பகவல்லி என்று ஒரு புது நர்ஸ் வந்து சேர்ந்தாள். வேலைக்குத்தான் புதிது. வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள் இரண்டும் தலையெடுத்த பிறகு படித்துத் தேறியவள்.

படிக்கும்போது அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூச்சை எண்ணுவது படுத்திருப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு தன் நடையை மாற்றிக்கொள்ளும். நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொள். கண் மட்டும் நெஞ்சில் இருக்கட்டும். முழுசாக ஒரு நிமிஷம்.

அவள் அப்படியே செய்தாள். முப்பது கட்டில். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது பதினோராம் கட்டிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மிச்ச சார்ட் எங்கம்மா?"

"எண்ணிக்கிட்டு இருக்கேன் சார்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கூட வேலை பார்த்த ஷகிலா பக்கத்தில் வந்தாள். "என்னக்கா, ஜோசியமா பாக்கீங்க, ஒவ்வொரு கையாப் பிடிச்சுக்கிட்டு? நாடி, பிரஷர், காய்ச்சல் பாருங்க. மூச்சுக்கு இருபது போட்டுட்டு நகருங்க."

"இவருக்கு இருபத்தாறு வருதே."

"மூணு நாளா இருபது இருக்கு. இன்னைக்கு நீங்க இருபத்தாறு போட்டா, மூணு நாளாப் பாத்த நாங்க யாரு?"

செண்பகவல்லி இருபத்தாறு என்றே எழுதினாள். சரியாக எண்ணினாயா என்று மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்டபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தினமும் இதே கதை. பன்னிரண்டாம் நாள் அவளும் முப்பது கட்டிலுக்கும் இருபது போட்டாள். பதினோராம் கட்டில் நயினார், வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர், அவருக்கும் இருபதுதான். எண்ணவே இல்லை. சார்ட் நேரத்துக்கு மேஜைக்கு வந்தது. டாக்டர், "தேறிட்டீங்களே" என்றார். ஷகிலா டீ வாங்கிக்கொடுத்தாள்.

செண்பகவல்லி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை வேலையை விட்டு நிற்பதாக ஒரு லெட்டர் எழுதி எடுத்துக்கொண்டு, வார்டு இன்சார்ஜ் ரோஸ்லினின் அறைக்குப் போனாள். ரோஸ்லினுக்கு இருபத்தொன்பது வயது. செண்பகவல்லிக்கு அவள் சிஸ்டர். அவளுக்குச் செண்பகவல்லி அக்கா.

"நான் நின்னுக்கிடுதேன் சிஸ்டர்."

"உக்காருங்கக்கா. என்னாச்சு?"

"எண்ணினா மொகத்தச் சுளிக்காங்க. எண்ணாம எழுதினா தேறிட்டேங்காங்க. நான் படிச்சது பொய்யா, இங்க நடக்கது பொய்யா? ஒண்ணும் வெளங்கல. பதினோராம் கட்டில்காரரு நேத்து என்னப் பாத்துச் சிரிச்சாரு. எனக்குத் திருப்பிச் சிரிக்க வரல."

"முப்பது பேர்கிட்டயும் முழு நிமிஷம் நிக்க நேரம் இருக்காக்கா?"

"இல்ல."

"அதுக்கு என்ன வழின்னு எனக்கும் தெரியல" என்றாள் ரோஸ்லின். லெட்டரை வாங்கினாள், பிரிக்கவில்லை. "மாடி ஏறியா வந்தீங்க? ஆளு ஒரு மாதிரி இருக்கீங்களே. கையக் குடுங்க."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள். நாடி பார்க்கும்போது பேசக் கூடாது என்று செண்பகவல்லி வாயை மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. ரோஸ்லின் எடுக்கவில்லை.

"சிஸ்டர், டாக்டர் வந்துட்டாரு" என்று ஷகிலா கதவருகே வந்து சொன்னாள். ரோஸ்லின் திரும்பவில்லை. ஷகிலா கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். போனும் அடித்து ஓய்ந்தது.

பிறகு ரோஸ்லின் கையை விட்டாள். லெட்டரின் பின்பக்கம் ஒரு எண்ணை எழுதி நீட்டினாள்.

இருபத்தெட்டு.

"இது நாடி இல்லையே" என்றாள் செண்பகவல்லி.

"நாடி இல்லக்கா. உங்க மூச்சு."

செண்பகவல்லி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டி தள்ளுகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப அதிகமா இருக்குல்ல" என்றாள் ரோஸ்லின், பேனாவை மூடாமல். "யாராவது கேப்பாங்க. அடிச்சுட்டு இருபதுன்னு போட்டுரவா?"

எண் வெளியே தெரியும்படி செண்பகவல்லி லெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து, வார்டுக்குள் இறங்கி, பதினோராம் கட்டிலைப் பார்க்க நடந்து போனாள்.