ஆமை வந்து சேரும்வரை நட்சத்திரம்

அந்தக் காலத்தில் மீன் பேசும், நண்டு பேசும். நண்டு கொஞ்சம் கூடுதலாகவே பேசும். அந்த நாளில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் கித்தேரியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ஊரிலேயே அழகான கிறிஸ்துமஸ் குடில் அவள் வாசலில்தான். பனையோலைக் கூரை, வைக்கோல் மெத்தை, அதில் மண்ணால் செய்த பாலன் இயேசு. மூங்கில் உச்சியில் காகித நட்சத்திரம், அதற்குள் எண்ணெய் விளக்கு.

கட்டுவதில் எவ்வளவு ஆசையோ, பிரிப்பதில் அவ்வளவு அவசரம் அவளுக்கு. திருநாளுக்கு மறுநாளே நட்சத்திரம் இறங்கிவிடும். பன்னிரண்டு நாள் கழித்து வரும் மூன்று ராஜாக்கள் திருநாள்வரை தினம் ஓரடியாகக் குடிலை நோக்கி நகர்த்த வேண்டிய ராஜா பொம்மைகளும், பாவம், ஒட்டகத்தோடு பாதி வழியிலேயே பெட்டிக்குள் போய்விடுவார்கள்.

"இன்னும் நாலு நாள் இருக்கட்டுமே கித்தேரி" என்பான் புருஷன் கஸ்பார்.

"விருந்து முடிஞ்சா இலையை எடுக்கணும். எச்சி இலையைப் பாத்துக்கிட்டேவா இருப்பாவ?" என்று வெடுக்கென்று கேட்பாள்.

உண்மை வேறு. கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு பிள்ளை தங்கவில்லை. திருநாளன்று ஊர்ப் பிள்ளைகளெல்லாம் குடிலைச் சுற்றிக் கும்மாளம் போடும். மறுநாள் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. வெறிச்சோடிய வாசலில் கை நீட்டிப் படுத்திருக்கும் அந்த மண் பிள்ளையைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு தாங்காது. ஊருக்கு இது தெரியுமா? 'சுத்தக்காரி' என்று மெச்சிக்கொண்டு, அவளைப் பார்த்து எல்லோரும் மறுநாளே நட்சத்திரத்தை இறக்கினார்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான். இறக்கிப் பத்துப் பதினோரு நாள் ஆகியிருக்கும். பொழுது சாயும் நேரம் நண்டு தலைதெறிக்க ஓடி வந்தது.

"ஏ யக்கா! கரையில ஒரு பெரியம்மா வந்திருக்காவ. ஒன்னியத்தான் கேக்காவ!"

போய்ப் பார்த்தால் ஒரு கடலாமை. ஓடு முழுக்கப் பாறை கீறிய காயம்.

"பாலன் எங்க மக்கா?" என்று கேட்டது.

"பெட்டியில..." என்று இழுத்தாள் கித்தேரி.

"ஒன் நட்சத்திரத்தைப் பாத்துத்தான் நடுக்கடல்ல இருந்து புறப்பட்டேன். பாதி வழியில அது காணாமப் போச்சு. திக்குத் தெரியாம பத்து நாள் சுத்தினேன்." ஆமைக்கு மூச்சு வாங்கியது. "வருஷா வருஷம் முட்டை இடுதேன். நாயும் நரியும் தோண்டித் தின்னுருது. ஒரு குஞ்சுகூடக் கடலைப் பாக்கல. இந்தத் தடவை பாலன் காலடியில வச்சா பிழைக்கும்னு நம்பி வந்தேன். பரவாயில்ல மக்கா, நான் பிந்திட்டேன்."

சொல்லிவிட்டு ஆமை கடலைப் பார்த்துத் திரும்பியது. பிள்ளைக்காக ஏங்குகிறவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்றல்லவா கித்தேரி நினைத்திருந்தாள்!

"ஐயோ, நில்லும்மா! நீ பிந்தல. நாந்தான் முந்திட்டேன்!"

வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தாள். கஸ்பார் கரை மணலில் மூங்கிலை நட்டு நட்சத்திரத்தை ஏற்றினான். நாலு ஓலையைச் சாய்த்து அதன் அடியில் பாலனைக் கிடத்தினாள். மூன்று ராஜாக்களும் அந்த ஊரில் முதல் தடவையாகப் பாலனிடம் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். ஆமை அண்ணாந்து வெளிச்சத்தைப் பார்த்தது. அதன் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. பாலன் காலடி மணலைத் தோண்டி முட்டையிட்டு, "பாத்துக்கோ மக்கா" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் போனது.

ஒன்றரை மாதம் கித்தேரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கஸ்பார்தான் சோறு பொங்கிக் கொண்டுவந்தான். நாய் வந்தால் துடுப்பைத் தூக்கினாள், நரி வந்தால் கொள்ளிக்கட்டையைத் தூக்கினாள்.

ஒரு நாள் விடியற்காலை மணல் குமிழியிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள், நூற்றுக்கு மேலே! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காக்காயை விரட்டிக்கொண்டே, "ஏ சவேரி, அங்கிட்டுப் போவாதல! ஏட்டி லூர்து, அலை வருது பாரு!" என்று பேர் வைத்துக் கூப்பிட்டு ஒவ்வொன்றையும் தண்ணீர்வரை கூட்டிப்போனாள். கஸ்பார் சிரித்தான், பிறகு அழுதான். நண்டு பேச்சற்று நின்றது.

கரையேறும் ஆமைக்கு இன்றைக்கும் கண்ணில் நீர் வடியும். பிந்திவிட்டோமோ என்ற பயம். அன்று முதல்தான், எப்பேர்ப்பட்ட சுத்தக்காரியானாலும், மூன்று ராஜாக்கள் திருநாள் முடியுமுன் அந்தக் கரையில் யாரும் நட்சத்திரத்தை இறக்குவதில்லை.