வெள்ளைச்சாமியின் ஒய்யார நடை

அந்தக் காலத்தில் கொக்குக்குக் கழுத்து மூங்கில் மாதிரி நேராக இருந்தது. பேச்சும் இருந்தது, அதுவும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு பெரிய கண்மாயில் வெள்ளைச்சாமி என்றொரு கொக்கு வாழ்ந்துவந்தார். அந்தக் கண்மாயில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் குஞ்சு பொரித்தாலும் பதினாறாம் நாள் அதை வெள்ளைச்சாமியிடம் கூட்டிவந்து நடை காட்ட வேண்டும். குஞ்சு கரையில் பத்தடி நடக்கும். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். “நட” என்றால் நடக்கலாம். “ம்ஹூம்” என்றால் வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டு வர வேண்டும். இந்தப் பதவியை அவருக்குக் கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவர் நடையும் அப்படித்தான். நெஞ்சு முன்னால், தலை மேலே, பார்வை நேராக. தரையைப் பார்த்து நடக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். “எதையாவது தொலைச்சிட்டியா?” என்று கேட்பார்.

அவரிடம் ஒருமுறைகூடத் தேறாதவள் நண்டு வீராயி. “பக்கவாட்டுல போறதெல்லாம் ஒரு நடையா? இனிமே இந்தக் கோணல் நடைக்காரி பேச்சு என் காதுலயே விழக்கூடாது” என்று ஊர்கூடியிருந்தபோதே சொல்லிவிட்டார். வீராயி, “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டிலேயே வீட்டுக்குப் போனாள்.

பங்குனி மாதம் ஒருநாள் காலை, வழக்கம்போலத் தரையைப் பார்க்காமல் வந்த வெள்ளைச்சாமியின் வலது பாதத்தில் ஒரு கருவேல முள் ஏறியது. வலி உச்சந்தலை வரை போய் முட்டித் திரும்பியது. உட்கார்ந்து முள்ளைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்நேரம் பார்த்து வாத்து பொன்னுத்தாயி ஏழு குஞ்சுகளோடு எதிரே வந்துவிட்டாள். ஊருக்கே நடை பார்க்கிறவர் நொண்டினால் மானம் என்னாவது? அவர் வலதுகால் நுனியை மட்டும் ஊன்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நடந்து காட்டினார்.

“என்னண்ணே, காலுக்கு என்னாச்சு?” என்றாள் பொன்னுத்தாயி.

“காலுக்கென்ன? இது ஒய்யார நடை. கடற்கரைப் பக்கமெல்லாம் இப்ப இதுதான். நம்மூருக்குத்தான் எல்லாம் தாமசமா வருது.”

பொன்னுத்தாயி வாயைப் பிளந்தாள். மத்தியானத்துக்குள் அவளும் ஏழு குஞ்சுகளும் இடுப்பை வெட்டி வெட்டி நடந்தார்கள். ஒரு வாரத்தில் நாரை, மைனா, கரையில் மேயும் எருமை மாரிமுத்து வரைக்கும் எல்லோரும் ஒய்யாரம். எருமை நடந்தபோதுதான் கரை இரண்டு இடத்தில் உடைந்தது.

வெள்ளைச்சாமிக்குத்தான் நாள் நல்லபடியாகப் போகவில்லை. முதலில் பாதம் வலித்தது. பிறகு முட்டி. முட்டியை விட்டு இடுப்புக்கு ஏறியது. இடுப்பு சாய்ந்ததும், விழாமல் இருக்கக் கழுத்து எதிர்ப்பக்கம் வளைந்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் தண்ணீரில் அவர் காலை வைத்தால் ‘தொபுக்’ என்று சத்தம் கேட்டது. மீன்களுக்கு அதுவே போதும். பத்துப் பன்னிரண்டு நாளாக அவர் வயிற்றுக்குள் இரண்டு தவளைக்குஞ்சு தவிர வேறொன்றும் போகவில்லை. இப்படியே போனால் ஆள் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போவது உறுதி.

கடைசியில் ஆமை வைத்தியரிடம் போனார்.

“எங்கே வலி?”

“கழுத்துல.” பாதத்தைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

“கழுத்துவலிக்கு ஒரே மருந்துதான். உள்ளே இழுத்து வச்சுக்கணும். எனக்கு முன்னூறு வருசமா கழுத்துவலியே வந்ததில்ல” என்றார் ஆமை. வெள்ளைச்சாமி பதினைந்து நாள் கழுத்தை உள்ளே இழுத்து மடக்கி வைத்தார். வலி போகவில்லை. மடிப்பு மட்டும் நன்றாகப் படிந்துவிட்டது.

அன்று பசி தாளாமல் வரப்போரம் தள்ளாடி நின்றபோது, காலடியில் இருந்த வளையிலிருந்து வீராயி எட்டிப் பார்த்தாள்.

“வலது பாதத்துல முள்ளு. ஒரு மாசமாச்சு” என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? தினம் என் வாசல் வழியாத்தானே போறீங்க. சேத்துல இடதுகால் ஆழமாப் பதியுது, வலதுகால் நுனி மட்டும் பதியுது. பாதம் நோகுதுன்னு முட்டியைக் கோணுனீங்க. முட்டிக்காக இடுப்பு, இடுப்புக்காகக் கழுத்து. நீங்க கழுத்துக்கு வைத்தியம் பாக்குறீங்க.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“கோணல் நடைக்காரி பேச்சு காதுல விழக்கூடாதுன்னீங்க. நானும் விழாமப் பாத்துக்கிட்டேன்.”

வெள்ளைச்சாமிக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. சாகும்வரை மறக்க முடியாத வெட்கம். “எடுத்து விடு வீராயி” என்றார் மெதுவாக.

“எடுக்குறேன். ஆனா எல்லாரும் பாக்க எடுப்பேன். பொன்னுத்தாயி கடைக்குட்டி தண்ணிக்கு நாலடி நடக்கறதுக்குள்ள மூணுதரம் விழுது. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

மானம் பெரிதா, வயிறு பெரிதா என்று அவர் யோசித்தார். வயிறு சத்தமாகவே பதில் சொன்னது.

மறுநாள் காலை கண்மாய்க்கரையில் ஊர் கூடியது. எல்லோரும் நொண்டிக்கொண்டே வந்தார்கள். வெள்ளைச்சாமி வலது காலைத் தூக்கிக் காட்டினார். “இது ஒய்யாரம் இல்ல. முள்ளு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்க எல்லாரையும் நொண்ட வச்சிட்டேன். மன்னிச்சிருங்க.”

எல்லோரும் அவரவர் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எருமை மாரிமுத்து கேட்டார்: “அப்ப, முள்ளு குத்தாமலேயே நான் ஒரு மாசமா நொண்டிக்கிட்டிருக்கேனா?”

வீராயி கொடுக்கை நீட்டி ஒரே இழுப்பாக இழுத்தாள். அரை விரல் நீள முள் வெளியே வந்தது. வெள்ளைச்சாமி பாதத்தை முழுவதுமாக ஊன்றினார். முட்டி நிமிர்ந்தது, இடுப்பு நேரானது. அந்தச் சுகத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கழுத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகவே இருந்தது.

அந்நேரம் ஒரு கெண்டை துள்ளியது. மடிந்த கழுத்து தானாகவே சடாரென்று நீண்டு மீனைக் கவ்வியது. “அதை நிமித்தாதீங்கண்ணே, அப்படியே இருக்கட்டும்” என்றாள் வீராயி.

மற்றவர்கள் பழைய நடைக்குத் திரும்பினார்கள். பொன்னுத்தாயி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “இடுப்பு ஒடியக் கத்துக்கிட்டது. போய்யா, விடமாட்டேன்” என்று வெட்டி வெட்டி நடந்து போனாள். அந்த இடுப்பு இன்றைக்கும் வாத்துகளுக்கு வெட்டுகிறது. வெள்ளைச்சாமி அதன்பிறகு யார் நடையையும் பார்க்கவில்லை. வீராயி எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார்.

அன்று தொடங்கியதுதான், கொக்கு கழுத்தை மடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பது. நடுநடுவே ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நிற்கும். மீனுக்குக் காத்திருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது முள் இருக்கிறதா என்று பார்க்கிறது.