காயாத பாதை

தேவசகாயம் தன் பேராசிரியர் மங்கையர்க்கரசியைவிட எட்டு வயது மூத்தவர். தொலைபேசித் துறையில் கம்பி இழுத்தே காலத்தைக் கழித்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். மங்கையர்க்கரசி அவரை 'சார்' என்பார். அவர் பதிலுக்கு 'மேடம்' என்பார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

அன்று இருவரும் மூச்சு வாங்க மலைச்சரிவின் உச்சிக்கு ஏறியிருந்தார்கள்.

மண் சரியத் தொடங்கினால் கீழே குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களை எச்சரிக்க, சரிவு முழுக்கச் சின்னச் சின்னக் கருவிகளைப் புதைத்திருந்தார் தேவசகாயம். கம்பி கிடையாது. ஒன்று அடுத்ததிடம் சொல்லிச் சொல்லியே சேதி கீழே போகும். எறும்பைப் பார்த்து எழுதிய நிரல். சேதி போன வழியில் எறும்பு விட்டுப்போகும் மணம்போல ஓர் எண் ஏறும்; எண் கூடிய வழியில் அடுத்த சேதி போகும். நேரம் ஆக ஆக அந்த எண் தானாகக் குறையவும் வேண்டும். அந்தக் குறைவை மட்டும் மனுஷன் நிறுத்திவைத்திருந்தார்.

ஒரே வழியில் இருந்த கருவிகள் ஓடாய் உழைத்து, பேட்டரி தீர்ந்து செத்துப்போயின. மேலே உயிரோடிருந்தவை செத்தவற்றிடமே சேதி சொல்லிக்கொண்டிருந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கீழே குடியிருப்பில் குழந்தைகள் விளையாடுவது தெரிந்தது.

"எண் குறையறதை ஏன் சார் நிறுத்தினீங்க?"

"நல்லா வேலை செஞ்ச லைன் மேடம். போட்ட லைனை யாராவது விடுவாங்களா?"

மங்கையர்க்கரசி டிபன் பாக்ஸைத் திறந்தார். பாறையில் சிந்திய எலுமிச்சைச் சோற்றுக்கு எறும்புகள் வரிசை கட்டியதும், சோற்றை அள்ளிச் சற்றுத் தள்ளி வைத்தார். எறும்புகள் வெறும் பாறைக்கே வந்து சுற்றின. மெல்ல வரிசை இளைத்தது. இருவரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது, புது இடத்துக்குப் புது வரிசை.

"பாவம், பழைய பாதை வீணாப்போச்சே." தேவசகாயத்துக்கு நிஜமாகவே வருத்தம்.

"அந்த மணம் காயலைன்னா, எல்லாம் இல்லாத சோத்துக்குத்தான் இன்னும் நடந்துட்டிருக்கும்."

தேவசகாயம் மடிக்கணினியைத் திறந்து எண்ணைத் திருத்தினார். திருத்தம் கருவிக்குக் கருவி பரவியது. செத்த வழிகளின் எண் இறங்க இறங்க, சேதி பக்கவாட்டில் வழி தேடிக்கொண்டது. சேதி வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக, கீழே குடியிருப்புக் கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

இறங்கும்போது தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எங்க எக்சேஞ்சை மூடி எத்தனையோ வருஷமாச்சு மேடம். இன்னும் அந்த வாசல் வழியாத்தான் சுத்திக்கிட்டு காலேஜுக்கு வர்றேன். மழையில கம்பி கட்டிட்டு நனைஞ்சு வந்தா, ஆபரேட்டர் ரோசம்மா சுக்குக் காப்பி நீட்டுவாங்க. எப்பப் பார்த்தாலும் நாலு பேரு ஹலோ ஹலோன்னு..."

"தெரியும் சார். தினம் லேட்டா வர்றீங்களே."

அவர் சிரித்தார். கண் கலங்கியது.

"அப்ப அதையெல்லாம் அழிச்சுடணுமா?"

"அழிக்கவெல்லாம் வேண்டாம் சார். அது காயக் கூடாதுன்னு தினம் போய் நடக்காதீங்க, போதும்."