பன்றியைக் கவிழ்த்த அழுங்கு

மலையடிவாரக் காட்டில், ஒரு சரிவின் மேல் வளை தோண்டிக் குடியிருந்தாள் செதிலி என்ற அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். வாயில் பல் ஒன்றுகூடக் கிடையாது. எறும்பும் கரையானும்தான் சாப்பாடு. யாராவது அதட்டினால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொள்வாள். அழுங்குகளின் வழக்கமே அதுதான். சுருண்டு கிடந்தால் வந்த ஆபத்து அலுத்துப்போய்த் திரும்பிவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை.

அன்று காலை வந்த ஆபத்து அப்படித் திரும்புகிற ரகம் இல்லை.

"ஏய் செதிலி! வெளிய வா!"

வளை வாசலில் காட்டுப்பன்றி கரிமுகன் நின்றிருந்தான். செதிலியைப் போல் பத்துப் பேரைச் சேர்த்தால்தான் அவன் எடை வரும்.

"உன் வளைக்கு அடியில வள்ளிக்கிழங்கு கொட்டிக் கிடக்கு. வாசனை மூக்கைத் துளைக்குது. தோண்டப் போறேன், நகரு!"

"ஐயோ அண்ணே! உள்ள என் குட்டி இருக்கு. பிறந்து அஞ்சு நாள்தான் ஆகுது. என் வால்ல தொத்திக்கிட்டு வரக்கூடத் தெரியாது. ஒரு பத்து நாள் பொறுங்க, நானே காலி பண்ணிடறேன்!"

"பத்து நாளா? அதுக்குள்ள வேற பன்றி வந்து தின்னுட்டுப் போயிடும். ஓடைக்குப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும்தான் உனக்கு நேரம்!"

கரிமுகன் போய்விட்டான். செதிலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புது வளை தோண்ட மூன்று நாளாவது வேண்டும். அவன் மூக்கால் இந்த வளையைக் கிளறினால் குட்டி மண்ணோடு மண்ணாகிவிடும்.

பக்கத்துப் பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு பிடிச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். யோசனை சொல்லுவதில் அவனுக்கு அலாதி இன்பம்.

"அக்கா, கவலைப்படாதீங்க! வாசல்ல நின்னு நகத்தை மண்ணுல நல்லா ஊணிக்குங்க. பிடியை மட்டும் விடாதீங்க. என் பாட்டன் காலத்துல இருந்து நாங்க இப்படித்தான். எங்களை யாராவது அசைச்சிருக்காங்களா?"

உடும்புக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, பிடி. பாவம் செதிலி, நம்பிவிட்டாள். வாசலை மறைத்து நின்று முன்கால் நகங்களை ஆழமாக ஊன்றிக்கொண்டாள்.

கரிமுகன் திரும்பி வந்தான். பார்த்தான். சிரித்தான். மேட்டுக்கு ஏறி, தலையைத் தாழ்த்தி, புழுதி பறக்கப் பாய்ந்தான்.

டமார்!

செதிலி பலாப்பழம் போலப் பறந்து போய் ஒரு புதரில் விழுந்தாள். விலா எலும்பெல்லாம் விண் விண் என்று தெறித்தது. ஆனால் விழுந்த இடத்திலிருந்து அவள் ஒன்றைக் கண்டாள். இடித்த பிறகும் கரிமுகனால் நிற்க முடியவில்லை! நான்கு காலையும் தேய்த்துக்கொண்டு சரிவில் வழுக்கிக்கொண்டே போனான். சரிவு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம், பள்ளம் நிறைய முள். அதன் விளிம்பில் எப்படியோ தட்டுத் தடுமாறி நின்றான்.

அவன் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். அதற்குள் செதிலியின் மூளை பரபரவென்று வேலை செய்தது. 'அவனை நான் தடுக்கவே முடியாது. ஆனால் அவனாலும் தன்னைத் தடுக்க முடியவில்லையே!'

அவள் புதரிலிருந்து வெளியே வந்தாள். வளைக்குப் போகவில்லை. நேராகக் கீழே பள்ளத்தின் விளிம்புக்கு ஓடி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிப் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றாள்.

"என்ன அண்ணே! பல்லில்லாத என்னையே ஒரே இடியில தீர்க்க முடியலையா? உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

கரிமுகனின் பிடரி மயிர் சிலிர்த்தது. கிழங்கு மறந்துபோயிற்று, வளையும் மறந்துபோயிற்று. "உன்னைச் சட்னியாக்கிட்டுத்தான் மறுவேலை!" என்று உறுமினான். முன்னைவிட உயரத்துக்கு ஏறினான். பாய்ந்தான்!

தரை அதிர்ந்தது. கூழாங்கற்கள் துள்ளின.

"அக்கா! சுருண்டுக்குங்க! சுருண்டுக்குங்க!" என்று பாறையிலிருந்து அலறினான் பிடிச்சாமி.

செதிலியின் உடம்பும் அதைத்தான் கெஞ்சியது. செதில்கள் தாமாகவே விறைத்தன. தலை தானாகவே குனியப் பார்த்தது. ஆனால் இப்போதே சுருண்டால் அவன் பார்த்துவிடுவான், ஒதுங்கி நின்று எட்டி உதைப்பான். இன்னும் வரட்டும்! இன்னும் கிட்டே! கோரைப்பல் பளபளத்தது. இன்னும்! அவன் மூச்சுக்காற்று சுடச்சுட மூக்கில் அடித்தது.

இப்போது!

செதிலி பின்னால் சாயவில்லை. முன்னால் பாய்ந்து, அவன் முன்னங்கால்களுக்கு நடுவே பந்தாகச் சுருண்டு உருண்டாள். கால் தடுக்கியது. ஆனால் பாய்ந்து வந்த வேகம் நிற்காமல் முன்னாலேயே போயிற்று. கரிமுகனின் பின்புறம் வானத்தைப் பார்த்தது! முழு உடம்பும் ஒரு குட்டிக்கரணம் போட்டு, விளிம்பைத் தாண்டி, நடுப்பள்ளத்து முள்ளில் மல்லாக்க விழுந்தது.

ஜுஜுட்சு என்று ஒரு தற்காப்புக் கலை உண்டு. அதைப் பழக மனிதர்கள் வெள்ளைச் சட்டை போட்டு, பாய் விரித்து, வருடக்கணக்கில் புரளுகிறார்கள். செதிலிக்குக் கிடைத்தது ஒரு கால் நாழிகை.

"ஐயோ! அம்மா! யார்டா என்னைத் தள்ளினது?" என்று பள்ளத்திலிருந்து கத்தினான் கரிமுகன்.

செதிலி மெல்லத் தலையை வெளியே நீட்டினாள்.

"யாரும் தள்ளலை அண்ணே! நீங்களா வந்தீங்க, நீங்களா போனீங்க. நான் நடுவுல குனிஞ்சேன், அவ்வளவுதான்!"

முள்ளிலிருந்து அவன் வெளியே வர உச்சிவெயில் ஆகிவிட்டது. ஒரு கோரைப்பல்லைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு, சரிவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நொண்டிக்கொண்டே ஓடைக்கு மறுகரைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். செதிலி வளைக்குள் ஓடினாள். குட்டி பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துப் பால் கொடுத்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மோத வருகிறவனின் பலத்தோடு பலம் காட்டி நிற்காமல், பதறாமல் காத்திருந்து அந்தப் பலத்தை அதன் போக்கிலேயே போக விட்டால், அதுவே அவனைக் கவிழ்த்துவிடும்.